கைக்குள் ஒரு களஞ்சியம்: கையடக்க லினக்ஸ் கருவியில் இடக்கணக்கைப் படமாகப் பார்த்தல்

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இடநெருக்கடி பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திண்ணை, கூடம், கொல்லை என்று நீண்டு கிடந்த வீடுகளில் வளர்ந்தவர்கள், இங்கே இரண்டு அறைக் குடியிருப்பில் பரண் மேல் பரண் கட்டிக் குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டோம். வீட்டில் "இடமே இல்லை" என்று குரல் எழும்போது, "எந்த இடத்தில் இல்லை?" என்று திருப்பிக் கேட்டால்தான் விஷயம் விளங்கும். சமையலறை அலமாரியிலா, துணி பீரோவிலா, பரணிலா? பரண் காலியாகக் கிடக்கிறது என்பதற்காக மிளகாய்த்தூள் டப்பாவைப் பரணில் ஏற்றி வைத்துச் சமைக்க முடியுமா, சொல்லுங்க.

உள்ளங்கையில் அடங்கும் கணினிக் கருவிகளிலும் இதே கதைதான். "நினைவகம் நிரம்பிவிட்டது" என்று கருவி சொன்னதும், கண்ணில் படுகிற படத்தையும் பாட்டையும் அழிக்கத் தொடங்குகிறோம். அழித்த பிறகும் அதே செய்தி வந்து நிற்கும். ஏன் அப்படி, எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும், அதைப் படமாகப் பார்ப்பது எப்படி என்பதை ஒரு குறிப்பிட்ட கருவியை வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கணினித் துறையில் இல்லாத அன்பர்களும் படிக்கும்படியாகவே எழுத முயல்கிறேன்.

கருவி எது?

லினக்ஸ் என்றால் பெரிய சர்வர் அறைகளில் ஓடுவது என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் கைக்கருவியில் லினக்ஸ் என்பது நம் நாட்டிலேயே நடந்து முடிந்த முயற்சி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் 2001-இல் வெளியுலகுக்குக் காட்டப்பட்டது. லினக்ஸில் இயங்கிய அக்கருவியில் இருந்த சேமிப்பிடம் சில பத்து மெகாபைட்தான். ஒரு கிராமமே ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ளலாம், அவரவர் தகவலை அவரவர் ஸ்மார்ட் கார்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் யோசனை. இடம் குறைவு என்றால் உடைமைகளைத் தனியே பிரித்து வை என்ற சிந்தனை அப்போதே இருந்திருக்கிறது, பாருங்க.

நான் விரிவாகப் பேசப்போவது அடுத்து வந்த தலைமுறைக் கருவி. நோக்கியா நிறுவனம் 2009-இல் வெளியிட்ட என்-900. டெபியன் வழியில் வந்த மேமோ 5 என்னும் லினக்ஸ் அதில் ஓடியது. 600 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி ராம், மூன்றரை அங்குலத் திரை, தள்ளினால் வெளிவரும் விசைப்பலகை. பெட்டியின் மேல் 32 ஜிபி என்று போட்டிருந்தது. விற்பனை நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும் நான் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இடக்கணக்கின் சூட்சுமங்கள் அத்தனையும் ஒரே கருவியில் ஒளிவுமறைவில்லாமல் தெரிகின்றன.

அறைகளும் சுவர்களும்

இந்த 32 ஜிபி எங்கே போனது என்று முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம். விற்பவர்கள் ஒரு ஜிபி என்பதை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். கணினியோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது. ஆகவே கடைக்காரரின் 32 ஜிபி, கணினியின் கணக்கில் 29.8 ஜிபி ஆகிவிடுகிறது. யாரும் திருடவில்லை, படியின் அளவு வேறு, அவ்வளவுதான்.

இந்த 29.8 ஜிபியும் ஒரே கூடமாக இல்லை. மூன்று அறைகளாகத் தடுத்திருக்கிறார்கள். படம், பாட்டு, வீடியோ எல்லாம் போய்ச் சேரும் 'மைடாக்ஸ்' என்ற பகுதிக்குச் சுமார் 27 ஜிபி. பயனரின் அமைப்புகளும் பெரிய செயலிகளும் தங்கும் 'ஹோம்' பகுதிக்கு 2 ஜிபி. ராம் போதாதபோது கைகொடுக்கும் மாற்று நினைவகத்துக்கு 768 எம்பி. மூன்றையும் கூட்டிப் பாருங்க, கணக்கு சரியாக வரும்.

முக்கியமான அறை இந்த மூன்றிலும் இல்லை. கருவியைத் துவக்கி நடத்தும் இயங்குதளம் தனியாக 256 எம்பி கொண்ட இன்னொரு ஃபிளாஷ் சில்லில் இருக்கிறது. இதை வேர்ப்பகுதி என்று சொல்லலாம். வீட்டின் சமையலறை இதுதான். 27 ஜிபி களஞ்சியம் காற்றாடிக் கிடந்தாலும், சமையலறையில் எள் போட்டால் எள் விழாத நிலை வந்துவிட்டால் வீடு நடக்காது. புதிய செயலி நிறுவ முடியாது, அமைப்புகள் பதிவாகாது, முற்றிலும் நிரம்பிவிட்டால் கருவி துவங்கவே திணறும்.

இதற்கு ஒரு வழியும் செய்துவைத்திருந்தார்கள். செயலிகளின் பெரிய கோப்புகளை 'ஆப்ட்' என்ற அடைவில் போடுவது. அந்த அடைவை 2 ஜிபி ஹோம் பகுதிக்குள் அமர்த்துவது. வேர்ப்பகுதியில் வெறும் முகவரிச் சீட்டை மட்டும் விட்டுவைப்பது. மேமோ ஆர்வலர்கள் இதற்கு 'ஆப்டிஃபை' செய்தல் என்றே பெயர் வைத்தார்கள். இதைச் செய்யாத செயலிகளைத்தான் வேர்ப்பகுதி தாங்க முடியாமல் தவித்தது.

பட்டியலும் படமும்

எந்த லினக்ஸிலும் இடக்கணக்குப் பார்க்க இரண்டு பழைய கட்டளைகள் உண்டு. இரண்டும் 1971-இல் வந்த யூனிக்ஸின் முதற்பதிப்பிலேயே இருந்தவை. 'டிஎஃப்' என்பது ஒவ்வொரு அறைக்கும் மொத்தம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று சொல்லும். 'டியூ' என்பது ஒவ்வொரு அடைவும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று சொல்லும். முதலாவது வீட்டுக்காரர் தரும் கணக்கு, இரண்டாவது சாமான் பட்டியல்.

டியூ தரும் பட்டியல் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும். அதில் எது பெரிசு, எது எதற்குள் இருக்கிறது என்று கண் தேடிக் களைத்துவிடும். இதே சங்கடம் 1990-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் என்ற பேராசிரியருக்கும் வந்தது. அவருடைய ஆய்வகத்தில் 80 எம்பி வன்தட்டு ஒன்று. அதைப் பகிர்ந்துகொண்டவர்கள் 14 பேர். ஆளுக்கு 6 எம்பிகூடத் தேறாது. தட்டு நிரம்பும்போதெல்லாம் இடத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு செவ்வகத்தை வரைந்து, அடைவின் அளவுக்கேற்பக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் உள்ளே மறுபடி பிரித்துக்கொண்டே போனால் என்ன என்று யோசித்தார். நிலத்தைப் பங்காளிகளுக்குப் பாகம் பிரித்து, அவரவர் பாகத்தை அவரவர் பிள்ளைகளுக்குப் பிரிப்பது போலத்தான். இப்படிப் பிறந்ததே 'ட்ரீமேப்'. நாம் மரப்படம் என்போம். தொடக்கத்தில் கட்டங்கள் குச்சி குச்சியாக நீண்டு ஒப்பிடக் கடினமாக இருந்தன. 2000-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரைச் சேர்ந்த யார்க்கே வான் வைக் உள்ளிட்ட மூவர், கட்டங்களைக் கூடியவரை சதுரமாக்கும் முறையைத் தந்தார்கள்.

இன்னொரு வகை வளையப்படம். நடுவில் மொத்த அடைவு. அதைச் சுற்றிய வளையத்தில் அதன் உள் அடைவுகள். அதற்கும் வெளியே அவற்றின் பிள்ளைகள். எவ்வளவு பெரிய அடைவோ அவ்வளவு அகன்ற துண்டு. 2000 வாக்கில் ஜார்ஜியா டெக்கில் ஜான் ஸ்டாஸ்கோ குழுவினர் இவ்வகைப் படங்களைச் சோதித்து 'சன்பர்ஸ்ட்' என்று அழைத்தார்கள். லினக்ஸில் கிடைக்கும் ஃபைல்லைட், பாவோபாப் ஆகிய இரண்டும் வளையப்படம் வரைபவை. பாவோபாப் என்பது ஆப்பிரிக்காவின் பெருமரத்தின் பெயர். ராமநாதபுரத்துப் பக்கம் பப்பரப்புளி என்பார்களே, அதேதான்.

மூன்றரை அங்குலத்துக்குள் எவ்வளவு வரையலாம்?

மேசைக் கணினியில் அழகாக இருக்கும் படம் கைக்கருவியில் அப்படியே எடுபடாது. ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போடலாம்.

என்-900 திரையில் அகலவாக்கில் 800, உயரவாக்கில் 480 புள்ளிகள். பெருக்கினால் 3,84,000. மைடாக்ஸின் 27 ஜிபியை இத்தனை புள்ளிகளுக்குப் பங்கிட்டால் ஒரு புள்ளிக்கு 70 கேபிக்கு மேல் வருகிறது. அதைவிடச் சின்னக் கோப்பு எதற்கும் மரப்படத்தில் ஒரு முழுப் புள்ளிகூடக் கிடைக்காது.

பார்ப்பது இருக்கட்டும், தொட வேண்டாமா? இந்தத் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 266 புள்ளிகள். ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள விரல் நுனி சுமார் 105 புள்ளியை மறைத்துவிடும். விரலால் தவறாமல் தொடக்கூடிய சதுரங்கள் என்று பார்த்தால் முழுத் திரைக்கும் சுமார் 35-தான் தேறும். ஆகவே கைக்கருவியில் படம் வரைகிறவர் ஆயிரம் கோப்புகளைக் காட்ட ஆசைப்படக் கூடாது. பெரிய பத்துப் பன்னிரண்டைக் காட்டி, மற்றதையெல்லாம் 'இதர' என்று ஒரு துண்டாக்கி, தொட்டால் உள்ளே போகும்படி செய்வதே புத்திசாலித்தனம்.

மரப்படமா, வளையப்படமா என்றால் இரண்டிலும் லாபநஷ்டம் உண்டு. இந்தத் திரைக்குள் அடங்கும் ஆகப்பெரிய வட்டம் திரைப்பரப்பில் பாதியைக்கூட நிரப்பாது, 47 விழுக்காடுதான். மரப்படம் மூலை முடுக்கெல்லாம் பயன்படுத்தும். ஆனால் எது தாய் அடைவு, எது பிள்ளை என்பது வளையத்தில் பளிச்சென்று தெரிகிறது, கட்டத்தில் குழப்புகிறது. தவிர, வட்டத்துக்குப் பக்கத்தில் மிஞ்சும் இடத்தில் பெயரையும் அளவையும் எழுதலாம். கைக்கருவிக்கு என் ஓட்டு வளையத்துக்கே. படமே வேண்டாம் என்பவர்களுக்கு 'என்சிடியூ' என்ற எளிய செயலி இருக்கிறது. அடைவுகளைப் பெரிசிலிருந்து சிறிசாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுத்துக் குறிகளாலேயே ஒரு பட்டை போட்டுக் காட்டும். சின்னத் திரைக்கு அதுவே போதுமானது.

மூன்று பாகைக் கீற்று

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். படம் கண்ணுக்கு இதமாக இருப்பதாலேயே அது சரியான பதிலைச் சொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. மொத்தக் கருவியையும் ஒரே வட்டமாக வரைந்தால் என்ன ஆகும்? எல்லா அறைகளும் நிறைந்திருப்பதாகவே வைத்துக்கொள்வோம். 256 எம்பி வேர்ப்பகுதி, 29.8 ஜிபிக்கு முன்னால் ஒரு விழுக்காடுகூட இல்லை. 360 பாகை வட்டத்தில் அதற்குக் கிடைப்பது 3 பாகை. திரைக்குள் அடங்கும் ஆகப்பெரிய வட்டத்தின் விளிம்பில்கூட அந்தக் கீற்றின் அகலம் 12, 13 புள்ளிகள்தான். விரலை வைத்தால் விரலுக்கு அடியில் மறைந்துபோகும். நிரம்பி வழியும் சமையலறை கண்ணுக்கே தெரியாது. படமும் பாட்டும் நிறைந்த மைடாக்ஸ் வட்டம் முழுக்க ஆக்கிரமித்து, "என்னை அழி, என்னை அழி" என்று கூப்பிடும்.

இதனால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு நிகழ்ச்சி. 2011-இல் எங்கள் குடியிருப்பில் இருந்த மன்னார்குடிக்கார நண்பர் ஒருவர் இந்தக் கருவியோடு வந்தார். இடமில்லை என்று ஒரு வாரமாகச் செய்தி வருகிறதாம். அவருடைய தாயார் நடவுப் பாட்டும் தாலாட்டும் பாடியதை அதே கருவியில் 14 வீடியோத் துண்டுகளாகப் பிடித்து வைத்திருந்தார். அந்த அம்மாள் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் காலமாகிவிட்டார்கள். வேறு பிரதி கிடையாது.

"பெரிசா இருக்கறது அதுதான் சார். மாப்பிள்ளை பாதியாவது அழிச்சிடுங்கன்னு சொல்றார். நாலஞ்சு மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை எடுத்துடவா?" என்றார்.

"ஒண்ணையும் தொடாதீங்க. முதல்ல எந்த அறை நிறைஞ்சிருக்குன்னு பார்ப்போம்" என்று டிஎஃப் கட்டளையைத் தட்டினேன். மைடாக்ஸில் 11 ஜிபி காலி. வேர்ப்பகுதி 100 விழுக்காடு. வீடியோக்கள் இருந்தது மைடாக்ஸில். பிறகு வைஃபை வழியாக மேசைக் கணினியிலிருந்து அந்தக் கருவிக்குள் போய், வேர்ப்பகுதியில் உள்ள 'யூஎஸ்ஆர்' என்ற அடைவுக்கு மட்டும் பாவோபாப்பை வளையம் வரையச் சொன்னோம். வட்டத்தின் ஒரு பக்கம் இரண்டு தடித்த துண்டுகள். பேரன் நிறுவிய இரண்டு விளையாட்டுகள், ஆப்டிஃபை செய்யாதவை. இரண்டையும் நீக்கியதும் 40 எம்பிக்கு மேல் திரும்பிக் கிடைத்தது. செய்தி வருவது அன்றோடு நின்றது.

"அப்போ பாட்டை அழிச்சிருந்தா எவ்வளவு சார் கிடைச்சிருக்கும்?" என்று கேட்டார்.

"அந்த அறைக்கு ஒரு பைட்கூடக் கிடைச்சிருக்காது" என்றேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. அன்று மாலையே வீடியோக்களை இரண்டு வெவ்வேறு வட்டுகளில் பிரதி எடுத்தோம்.

படம் சொல்லாத சில சங்கதிகள்

சரியான அறைக்குத்தான் வரைந்தோம் என்றாலும் படத்தின் கூட்டுத்தொகை டிஎஃப் சொல்லும் எண்ணோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். பதற வேண்டாம், காரணங்கள் உண்டு.

ஒன்று, கோப்பின் நீளம் வேறு, அது பிடிக்கும் இடம் வேறு. வட்டில் இடம் கட்டம் கட்டமாகவே தரப்படும். 16 கேபி கட்டம் என்றால் 5 கேபி கோப்புக்கும் ஒரு முழுக் கட்டம் போய்விடும். படங்களின் சிறு உருவங்கள் 3,000 இருந்தால் நீளக்கணக்கில் 15,000 கேபி. இடக்கணக்கில் 48,000 கேபி. மூன்று மடங்குக்கும் மேல்!

இரண்டு, என்-900 வேர்ப்பகுதியின் கோப்பு முறைமையான யூபிஐஎஃப்எஸ், தகவலைச் சுருக்கி வைக்கும். டியூ சொல்வது சுருக்காத அளவு. ஆகவே சாமான் பட்டியலின் கூட்டல், அறையின் கொள்ளளவையே தாண்டுவதும் உண்டு. 10 எம்பி அடைவை நீக்கினால் 10 எம்பி திரும்பும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மூன்று, அழித்த கோப்பை ஏதாவது ஒரு செயலி இன்னும் திறந்து வைத்திருந்தால், பெயர் மறைந்துவிடும், இடம் திரும்பாது. செயலியை மூடினால் அல்லது கருவியை மறுபடி துவக்கினால்தான் கைக்கு வரும்.

நான்கு, கருவியை யூஎஸ்பி வடத்தால் கணினியில் சேமிப்புக் கருவியாக இணைத்துப் பார்த்தால் மைடாக்ஸ் மட்டுமே தெரியும். வேர்ப்பகுதி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. வாசலில் நின்று கூடத்தைப் பார்த்துவிட்டு வீடு காலி என்று சொல்வது போன்றது அது.

செய்முறை

எந்தக் கையடக்க லினக்ஸ் கருவியானாலும் வரிசை இதுதான்.

1. முதலில் டிஎஃப். எந்த அறை 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. அந்த அறைக்கு மட்டும் டியூ. கட்டளையோடு கழித்தல் குறியும் ஆங்கிலச் சிறிய எழுத்தான எக்ஸும் சேர்த்தால், சுவர் தாண்டி அடுத்த அறையை எண்ணாது. இந்த ஓர் எழுத்துதான் மூன்று பாகைக் கீற்றை முழு வட்டமாக்குவது.

3. வரும் எண்களில் பெரிய பத்தை எடுத்துப் படமாக்குங்கள். செயலி இல்லாவிட்டால் காகிதமும் பாகைமானியும் போதும். அடைவின் அளவை மொத்தத்தால் வகுத்து 360-ஆல் பெருக்கினால் பாகை வரும். 256-இல் 90 எம்பி என்றால் 127 பாகை.

4. பெரிய துண்டு எது என்று தெரிந்ததும், அது செயலியா, தற்காலிகச் சேமிப்பா, நம் சொந்தப் பொருளா என்று பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டையும் மறுபடி பெறலாம். மூன்றாவது போனால் போனதுதான்.

5. இயங்குதளத்தின் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். செயலியை நீக்கும் முறைப்படி நீக்குங்கள்.

இன்றைக்கு இது எதற்கு?

பழைய கருவிக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் டெக் என்ற விளையாட்டுக் கைக்கருவியும் லினக்ஸ்தான். வெளிவந்தபோது அதன் வேர்ப்பகுதிகள் இரண்டு, தலா 5 ஜிபி; 'வார்' என்னும் பகுதிகள் இரண்டு, தலா 256 எம்பி; மிச்சமெல்லாம் ஹோம். 256 என்ற எண் பழகிய எண்ணாகத் தெரிகிறதா? இரண்டு தலைமுறை தாண்டியும் சமையலறை சின்னதுதான், சுவர்களும் அப்படியேதான். ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடித்தளமும் லினக்ஸே. அதன் வண்ணப்பட்டையில் 'சிஸ்டம்', 'ஆப்ஸ்', 'படங்கள்' என்று காட்டுவது இதே கணக்கின் எளிய வடிவம்.

நம்மில் பலர் ஊரில் விட்டுவந்த மனிதர்களின் குரலையும் முகத்தையும் இந்தச் சின்னக் கருவிகளில்தான் சுமந்து திரிகிறோம். பாட்டியின் பேச்சு, குலதெய்வக் கோயில் கொடை, இடிப்பதற்கு முன் எடுத்த வீட்டின் படம். நிரம்பிவிட்டது என்று கருவி சொன்ன மாத்திரத்தில் முதலில் பலியாவது அவைதான், ஏனென்றால் பெரிதாகக் கண்ணில் படுபவை அவை. அடுத்த முறை அந்தச் செய்தி வரும்போது அழிக்கும் பொத்தானைத் தேடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: நிறைந்தது எந்த அறை? பதில் கிடைத்த பிறகு அந்த அறைக்கு மட்டும் ஒரு வட்டம் வரையுங்கள். பெரும்பாலும் குப்பை தானாகவே தெரியும். பொக்கிஷம் அதன் இடத்தில் பத்திரமாக இருக்கும்.